ஒரே மெஷினுக்கு இரண்டு வாசல்

வண்டலூரிலிருந்து வரும் சாலை கேளம்பாக்கத்தில் ஓஎம்ஆரில் முட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு கட்டடம். கீழே பத்திர எழுத்தர் ஒருவரின் அலுவலகம், மாடியில் ஓர் ஆடிட்டர். இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே மாடல் மெஷின். ஒரே நாளில், ஒரே மினி லாரியில் வந்து இறங்கிய செகண்ட் ஹேண்ட் சரக்கு. பிரிண்ட், காப்பி, ஸ்கேன் மூன்றும் செய்யும். நெற்றியில் எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தாலும் இரண்டு வீட்டிலும் அதற்குப் பெயர் ஜெராக்ஸ் மெஷின்தான்.

ஸ்கேன் செய்தால் மெயிலுக்குப் போக வேண்டும் என்றார் மாடிக்காரர். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் வந்து விழுந்தால் போதும் என்றார் கீழ்வீட்டுக்காரர். அவரவர் கேட்டபடி செய்து கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு இடத்திலிருந்தும் எனக்கு வந்த போன்களை வைத்துத்தான் இந்த ஒப்பீடு. மெஷின் ஒன்று, கரண்ட் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் கோவளம் பக்கத்து உப்புக்காற்றில் நமத்துப்போகிற தாளும் ஒன்று. வாசல் மட்டும்தான் வேறு.

இரண்டு வாசலும் மெஷினைவிட வயதில் மூத்தவை. மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறையை 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டார். ஃபோல்டருக்குள் கோப்பு போடும் எஸ்எம்பி முறைக்கு, 1980களின் முற்பகுதியில் ஐபிஎம்மில் இருந்த பேரி ஃபைகன்பாம் வித்திட்டார். பெயரில் ஓர் எழுத்துதான் அதிகம் குறைவு. குணத்தில் ஒட்டே கிடையாது. போஸ்டலின் முறை தபால்காரர் மாதிரி: கடிதத்தை வாங்கி அடுத்த தபால் நிலையத்தில் கொடுத்தால் அதன் வேலை முடிந்தது. ஆரம்பத்தில் கொடுப்பவர் யார் என்றுகூடக் கேட்காது. பயனர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும் ஏற்பாடு 1999-ல்தான் சேர்ந்தது. மற்றது பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. கதவைத் தட்டி உள்ளே வந்து, நம் பீரோவைத் திறந்து தானே வைத்துவிட்டுப் போக வேண்டும். தெருவிலேயே வாங்கிக்கொள்ளும் முறைக்கும் வீட்டுக்குள் விடும் முறைக்கும் இருக்கும் வித்தியாசமே, பின்னால் வந்த தலைவலி எல்லாவற்றுக்கும் வேர்.

முதலில் மாடி. மெஷினின் ஐபி எண்ணை பிரவுசரில் அடித்தால் அதன் செட்டிங் பக்கம் திறக்கும். கேனானில் அதை ரிமோட் யூஐ என்பார்கள், ரிக்கோவில் வெப் இமேஜ் மானிட்டர், கியோசெராவில் கமாண்ட் சென்டர். பெயர் எதுவானாலும் நிரப்ப வேண்டியது ஆறு கட்டம்: சர்வர் பெயர், போர்ட் எண், டிஎல்எஸ் என்ற வழிப்பூட்டு வேண்டுமா, அனுப்புநர் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு. ஜிமெயில் என்றால் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், 587. கால் மணி நேர வேலை.

கால் மணி நேரம் என்று சொல்லிவிட்டேன். ஏழாவது கட்டம் ஒன்று வேறு பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. டிஎன்எஸ். ஐபி, கேட்வே எல்லாம் போட்டுவிட்டு இதை மட்டும் சுழியாக விட்டுவிட்டு வருவது எங்கள் தொழிலில் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செய்த தப்பு. பிரிண்ட் எடுக்க டிஎன்எஸ் தேவையில்லை என்பதால் மெஷின் ஜம்மென்று ஓடுவது போலவே தெரியும். மெயில் அனுப்பும்போதுதான், அந்த சர்வர் பெயருக்கு உரிய எண் என்ன என்று கேட்க ஆளில்லாமல் முழிக்கும். எட்டாவது சங்கதி கடிகாரம். பழைய மெஷின்களில் உள்ளே இருக்கும் பேட்டரி செத்தால், மெயின் சுவிட்சை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் தேதி எங்கோ பின்னால் போய்விடும். டிஎல்எஸ் சான்றிதழைச் சரிபார்க்கும் மாடலாக இருந்தால், அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அனுப்ப மாட்டேன் என்றுவிடும். திரையிலோ வெறும் ஒரு பிழை எண்.

மாடியில் இது சுமார் ஒரு வருஷம் குறையில்லாமல் ஓடியது. பிறகு ஒரு காலை அந்த அலுவலகத்து அக்கா போன் செய்தார்.

“தம்பி, நேத்து வரைக்கும் போச்சு. இன்னைக்குப் போவல. நாங்க யாரும் அதுல கைகூட வெக்கல.”

அவர் சொன்னது முழு உண்மை. தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து உள்ளே வரும் வழியை கூகுள் 2022 மே 30 முதல் மூடத் தொடங்கியிருந்தது. காரணம் நியாயமானது, திருடுபோகும் பாஸ்வேர்டுகளுக்கு அது பெரிய வாசலாக இருந்தது. அறிவிப்பும் முன்கூட்டியே வந்தது. ஆனால் மெஷினுக்கென்று திறந்து வைத்த மெயில் பெட்டியை யார் திறந்து படிப்பார்கள்? மாற்று வழி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, மெஷினுக்கென்று தனியாக 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்குவது. திரையில் நாலு நாலாகப் பிரித்துக் காட்டுவார்கள். மெஷினில் இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும். அடித்தேன். மறுபடி ஓடியது.

அடுத்த போன், யாரோ நல்லெண்ணத்தில் அந்த ஜிமெயிலின் பாஸ்வேர்டை மாற்றியபோது. பாஸ்வேர்டை மாற்றினால் அதன் கீழ் வாங்கிய ஆப் பாஸ்வேர்டுகளும் ரத்தாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. புதிதாக வாங்கலாம் என்று உட்கார்ந்தால், சரிபார்ப்பு எண் போவது முன்பு அங்கே ஆர்ட்டிகிள்ஷிப் பார்த்துவிட்டுப் போன பையனின் போனுக்கு. அவன் கோயம்புத்தூரில் இருக்கிறான், வகுப்பில் இருக்கிறான், எடுக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அவன் அழைத்து எண்ணைச் சொல்லும்வரை, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் ஸ்கேன் முழுவதும் ஒரு மாணவனின் சட்டைப் பையில் இருந்தது.

வெறும் பாஸ்வேர்டு செல்லாது என்ற இதே விதியைப் பணம் கட்டிப் பயன்படுத்தும் ஒர்க்ஸ்பேஸ் கணக்குகளுக்கும் கூகுள் 2025-ல் கொண்டுவந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு இதைவிட இறுக்கம். அங்கே பழைய முறையில் பாஸ்வேர்டு கொடுத்து மெயில் அனுப்புவதையே நிறுத்துவதாகச் சொல்லி, 2025 செப்டம்பர் என்று முதலில் குறித்த நாள் பிறகு தள்ளிப்போனது. தள்ளிப்போனதே தவிர, திசை மாறவில்லை. வரப்போகும் ஓஆத் முறையில் பிரவுசர் திறந்து, உள்ளே நுழைந்து, மெஷினுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். பத்து வருஷ மெஷினின் மென்பொருளில் அதற்கு இடமே கிடையாது. டிஎல்எஸ்ஸிலும் இதே கதை: 1.0, 1.1 இரண்டும் இனி வேண்டாம் என்று 2021 மார்ச்சில் முறைப்படி ஒதுக்கிவிட்டார்கள். அந்த இரண்டை மட்டும் தெரிந்த மெஷின்கள் இன்னும் டோனர் நிரப்பப்பட்டு, துடைக்கப்பட்டு, நல்ல நிலையில் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் எத்தனை காப்பி ஓடியது என்று மீட்டர் பார்க்கிறார்கள். டிஎல்எஸ் 1.2 தெரியுமா என்று கேட்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது கீழே இறங்கலாம். பத்திர எழுத்தரின் கம்ப்யூட்டரில் டி டிரைவில் ‘ஸ்கேன்’ என்று ஒரு ஃபோல்டர். அதைப் பகிர்ந்துவிட்டு, மெஷினில் அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி எண், போர்ட் 445, ஃபோல்டர் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு. இதுவும் ஐந்தாறு கட்டம்தான். இங்கே கூகுள் கிடையாது, இன்டர்நெட்டே வேண்டாம். ஓஎம்ஆரில் எங்காவது பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்து, மாடியில் எல்லோரும் ரௌட்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளில் கீழே பத்திரம் பத்திரமாக ஸ்கேன் ஆகி விழுந்துகொண்டிருந்தது. ரௌட்டருக்குக் கரண்ட் இருந்தால் போதும்.

கீழே நின்றபோதெல்லாம் காரணம் வேறு ஜாதி. கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது. கரண்ட் போய் வந்ததில் ரௌட்டர் புது ஐபி கொடுத்துவிட்டது. மெஷினோ பழைய எண்ணின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதில் நாலு எண் பின் போட்டுத் திறக்கிறார்கள். நெட்வொர்க் வழியாக வரும் மெஷினுக்கு அந்தப் பின் செல்லாது, அசல் பாஸ்வேர்டுதான் வேண்டும். அது யாருக்கும் நினைவில்லை. வைஃபையை மாற்றியபோது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்டது. யாரோ ‘பப்ளிக்’ என்று அழுத்திவிட்டார்கள். உடனே ஃபயர்வால் கதவைச் சாத்திவிட்டது.

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். மெஷினுக்கென்று தனியாக ஒரு லோக்கல் பயனரை உருவாக்கினேன். அதுதான் சரியான முறை. ஆனால் பாஸ்வேர்டு காலாவதி ஆகக்கூடாது என்ற கட்டத்தை டிக் செய்ய மறந்துவிட்டேன். விண்டோஸில் அப்படி உருவாக்கும் கணக்குக்கு இயல்பாக இருக்கும் ஆயுள் 42 நாள். ஒரு மண்டலம்கூட முழுசாக ஓடவில்லை. “என்ன தம்பி, விரதம் முடியறதுக்குள்ள மாலையைக் கழட்டிடுச்சே?” என்றார் பத்திர எழுத்தர். அவர் ஐயப்ப பக்தர்.

விண்டோஸ் தன் பங்குக்குக் கதவின் பூட்டையும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. 2017 மே 12-ல் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது புகுந்த ஓட்டை எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்தது. அந்த அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்த முதல் பதிப்பை இயல்பாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அதை மட்டுமே தெரிந்த மெஷின்கள் அனாதை ஆயின. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு இன்னொரு படி ஏறி, புரோ போன்ற பதிப்புகளில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கையொப்பம் கட்டாயம் என்றது. இங்கே எங்கள் ஆட்கள் செய்யும் ஒரு குறுக்கு வழி எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பழைய மெஷின் ஓட வேண்டும் என்பதற்காக விண்டோஸுக்குள் போய் எஸ்எம்பி முதல் பதிப்பை மறுபடி ஆன் செய்துவிட்டு, ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஸ்கேன் ஓடும். ஊர்ப்பட்ட கிரயப் பத்திரமும் ஆதார் நகலும் கிடக்கும் கம்ப்யூட்டரில், உலகத்துக்கே தெரிந்த ஓட்டைக் கதவைத் திறந்துவைத்திருப்பது யாருக்கும் தெரியாது.

இரண்டு பக்கத்துப் போன்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. மாடியில் யாரும் எதையும் தொடாமலேகூட நின்றுபோகும்; கீழே பெரும்பாலும் யாரோ எதையோ தொட்டதால் நின்றுபோகும். சரிசெய்யப் போகிறவனுக்கு இது பெரிய வித்தியாசம். மாடியில் கோளாறு ஊருக்கே வந்த கோளாறு; காரணம் கண்டுபிடிப்பது சுலபம், திறப்பதுதான் கஷ்டம், சாவி இன்னொருவர் கையில். கீழே சாவி நம் கையில்தான், எந்தப் பூட்டு மாறியது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு மேசையாகப் போய், “ரௌட்டரை யாராவது ஆஃப் பண்ணீங்களா?” என்று கேட்க வேண்டும். யாரும் பண்ணியிருக்க மாட்டார்கள்.

அளவு விஷயத்துக்கு வருவோம். இங்கே மெயில் தெளிவாகத் தோற்கிறது. ஓர் ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2480 புள்ளி, உயரத்தில் 3508 புள்ளி. ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகள். கலரில் புள்ளிக்கு மூன்று பைட். சுருக்கும் முன் ஒரு பக்கமே 26 எம்பி. கறுப்பு வெள்ளையில் புள்ளிக்கு ஒரே பிட், ஒரு எம்பியைச் சற்றே தாண்டும். அதையும் ஃபேக்ஸ் காலத்தில் பிறந்த ஜி4 சுருக்கமுறை சில பத்து கேபியாக மடக்கிவிடும். ஆடிட்டர் வீட்டு இன்வாய்ஸுக்கு அது போதும். பத்திரத்துக்குப் போதாது. முத்திரைத்தாளின் பூவேலைப்பாடு கறுப்பு வெள்ளையில் அழுக்கு அப்பியது போல எழுத்தை மூடிக்கொள்ளும். ஊதா மையில் குத்திய முத்திரை பாதி காணாமல் போகும். ஆகவே கலர். தாளும் ஏ4 அல்ல, லீகல்; ஏ4 என்று விட்டுவைத்தால் கடைசி வரியும் கையெழுத்தும் வெட்டுப்படும். திருப்போரூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் ஒரு கிரயப் பத்திரத்தோடு தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் சேர்த்தால் கட்டு தடித்துவிடும்.

மெயில் இந்தக் கட்டைத் தூக்கத் திணறும். ஜிமெயிலில் இணைப்புக்கு வரம்பு 25 எம்பி. மெயில் என்பது எழுத்துகளுக்காகப் பிறந்த வழி என்பதால், படத்தை எழுத்தாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். மூன்று பைட் நாலு எழுத்தாகும்போதே சுமை மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். போதாக்குறைக்கு மெஷினுக்குள்ளேயே ஒரு வரம்பு இருக்கும். சில மாடல்களில் அதைத் தாண்டினால் கோப்பைத் துண்டு துண்டாக வெட்டித் தனித்தனி மெயிலாக அனுப்பும். பக்கம் 1 முதல் 9 வரை வந்துவிட்டது, மீதி எங்கே என்று வாங்குபவர் கேட்பார். ஃபோல்டருக்கு இந்தக் கவலை கிடையாது. டிஸ்கில் இடம் இருக்கும்வரை போட்டுக்கொண்டே இருக்கும்.

ஆனால் ஃபோல்டரில் விழும் கோப்புக்குப் பெயர் கிடையாது. தேதியும் நேரமும் ஒட்டிய ஒரு நீண்ட எண்தான். கீழ்வீட்டு ஃபோல்டரைத் திறந்தால் எண்கள் நெல்மணி மாதிரி கொட்டிக் கிடக்கும். எது தையூர் மனை, எது மாம்பாக்கம் வீடு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். மெயிலில் அனுப்பியதும் வந்ததும் யாருக்கு என்பதும் தானாகப் பதிவாகிவிடுகிறது. ‘நீங்க அனுப்பவே இல்லையே’ என்று கிளையன்ட் சொன்னால், மாடி அக்கா நேரத்தோடு காட்டுவார்.

ரகசியம் என்ற விஷயத்தில் எனக்கு முதலில் இருந்த அபிப்பிராயம் பின்னால் மாறியது. மெயிலில் பாஸ்வேர்டு, டிஎல்எஸ் எல்லாம் இருக்கிறது, ஃபோல்டர் திறந்த வீடு என்று நினைத்திருந்தேன். ஃபோல்டர் திறந்த வீடுதான். அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் யாருடைய ஆதாரையும் பார்க்கலாம். ஆனால் அது வீட்டோடு போகும். மெயிலில் ஒரு நகல் அனுப்பிய பெட்டியில், ஒன்று வாங்கிய பெட்டியில், இன்னொன்று வாங்கியவரின் போனில். முகவரியில் ஓர் எழுத்து தவறினால் நாலாவதாக ஒன்று முன்பின் தெரியாதவரிடம். ஓர் எழுத்தில் என்ன வந்துவிடும் என்று கேளம்பாக்கத்துக்காரனிடம் கேட்கக் கூடாது. 2023 டிசம்பர் 30-ல் வண்டலூர் பக்கம் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து, எங்கள் ஊருக்கு வர வேண்டிய பார்சலும் சர்வீஸ் என்ஜினியரும் அங்கே போய் இறங்குவது வாடிக்கையாகிவிட்டது. என்ஜினியர் போன் செய்து வழி கேட்பார். தவறிப்போன பான் கார்டு நகல் கேட்காது. மெஷினின் சின்னத் திரையில் விரலால் முகவரி அடிக்கவே விடக்கூடாது, முகவரிப் புத்தகத்தில் ஏற்றியதை மட்டும் அழுத்த வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான்.

மூன்றாவது வாசல் ஒன்று உண்டு, போன் கேமரா. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் கேம்ஸ்கேனரும் இருந்தது. அன்று கீழ்வீட்டில் ஒரு துக்கவீட்டு அமைதி. இப்போது வேறு செயலிகள் வந்துவிட்டன. அவசரத்துக்கு நல்லதுதான். நாற்பது பக்கத்தை அப்படிப் படம் பிடித்தவர்கள் மறுமுறை மெஷினிடம்தான் வருகிறார்கள்.

என்னைக் கேட்டால், கேளம்பாக்கம் மாதிரி ஊரில் நாலைந்து பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஃபோல்டர்தான் முதல் வழி. ரௌட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஐபியை நிரந்தரமாக்கிவிட்டு, தனிப் பயனரை வைத்து, காலாவதியை எடுத்துவிட்டு, தூக்கத்தை நிறுத்திவிட்டால் மாதக்கணக்கில் போன் வராது. வெளியே போக வேண்டிய ஒன்றிரண்டு பக்கத்துக்கு மட்டும் மெயில். அதன் சரிபார்ப்பு எண் முதலாளியின் போனுக்கு வர வேண்டும், வேலைக்கு வந்து போகிறவர் போனுக்கு அல்ல. எல்லோரும் வெவ்வேறு இடத்திலிருந்து வேலை பார்க்கும் அலுவலகமென்றால் தலைகீழாகச் சொல்வேன். அவர்களுக்கு ஃபோல்டர் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் பீரோ.

போன ஐப்பசியில் இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே வாரத்தில் கூப்பிட்டார்கள். மாடிக்காரருக்கு ஃபோல்டர் வேண்டும். கீழ்வீட்டுக்காரருக்கு ஷார்ஜாவில் இருக்கும் ஒரு வாங்குபவருக்காக மெயில் வேண்டும். இரண்டு மெஷினிலும் இரண்டு வாசலையும் திறந்தேன். சோதனைக்குக் கீழே ஒரு தாய்ப்பத்திரத்தை மேல் ட்ரேயில் வைத்து, இரண்டு பட்டனையும் அடுத்தடுத்து அழுத்தினேன். ஃபோல்டரில் விழுந்தது. சற்று நேரத்தில் மெயிலும் போய்ச் சேர்ந்தது. பத்திர எழுத்தர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையில் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தார். பிறகு தாள்களை எடுத்து, விரலை எச்சில் தொட்டு எண்ணினார்.

“தம்பி, கையில 43 இருக்கு. உள்ள 42 தான்யா வந்திருக்கு.”

நமத்த தாள் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாக உள்ளே போயிருந்தது. இரட்டைத் தாளைப் பிடிக்கும் சென்சார் அந்த மாடலில் இல்லை. ஃபோல்டர் கோப்பில் பக்கம் 17 இல்லை. மெயிலில் போனதைத் திறந்து பார்த்தோம், அதிலும் அதே 17 இல்லை. அவர் கட்டைத் தட்டி, விசிறி, ஃபேனுக்கு அடியில் காய வைத்துவிட்டு டீ சொல்லப் போனார்.